களத்தில் எதிரே நிற்பவர் யார்?

(இளைஞர் பயிலரங்கு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2024 ஆகஸ்ட் 8 ஆம் நாள் இரவு பாரிஸ் ஒலிம்பிக்கின் ஈட்டி எறிதல் இறுதிப் போட்டி நடைபெற்றது. பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் தமது இரண்டாவது வாய்ப்பில் ஈட்டியை 92.97 மீட்டர் தொலைவுக்கு எறிந்தார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கிலிருந்து நிலைத்திருந்த 90.57 மீட்டர் என்ற சாதனை தகர்ந்தது. முந்தைய ஒலிம்பிக்கில் தங்கம் வென்றிருந்த இந்தியாவின் நீரஜ் சோப்ரா 89.45 மீட்டர் எறிந்து வெள்ளி பெற்றார். ஒலிம்பிக்கில் பாகிஸ்தான் பெற்ற முதல் தனிநபர் தங்கம் அது.

போட்டி முடிந்ததும் செய்தியாளர்கள் இரண்டு வீடுகளின் வாயிலுக்குச் சென்றனர். ஒரு வீடு அரியானாவின் பானிப்பட் மாவட்டத்துக் காந்த்ரா கிராமத்தில் இருக்கிறது. மற்றொரு வீடு பாகிஸ்தான் பஞ்சாபின் மியான் சன்னு நகரை அடுத்து இருக்கிறது. வெள்ளியே தமக்கு மகிழ்ச்சிதான், தங்கம் வென்றவனும் தம் பிள்ளைதான் என்றார் நீரஜின் தாய் சரோஜ் தேவி. நீரஜும் தமக்கு மகனைப் போன்றவன், தம் மகனின் நண்பன், உடன்பிறப்பு, அவனுக்காகவும் வேண்டிக்கொண்டதாகச் சொன்னார் அர்ஷத்தின் தாய் ரஸியா பர்வீன். எந்த வெளியுறவு அமைச்சகமும் எழுதிக் கொடுத்த சொற்கள் அல்ல அவை. ஆயினும் 2 நாடுகளின் கோடிக்கணக்கான மக்கள் அன்று அச்சொற்களைத் தம் சொற்களாக ஏற்றுக்கொண்டனர்.

சர்வதேச விளையாட்டுப் போட்டியின் உட்பொருள் இந்தத் தாய்மார் இருவரின் பேச்சில் அடங்கியிருக்கிறது. எதிரே நிற்பவரின் உழைப்பை அறிந்து மதிக்கச் செய்வது விளையாட்டின் மீதான நேசம். அந்த நேசம் இல்லாத இடத்திலும் போட்டி நடக்கும்; பதக்கம் வழங்கப்படும்; விளம்பரம் ஓடும். விளையாட்டு மட்டும் அங்கே இருக்காது. இந்த நேசம் எங்கே பிறக்கிறது, யார் அதைப் பறிக்கிறார்கள், அதைக் காக்க என்ன செய்ய வேண்டும் என்ற மூன்று வினாக்களையும் இன்றைய இளைஞர் தெளிவாக எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஈட்டி அறிந்த உழைப்பு

அர்ஷத் நதீமின் தந்தை கட்டடத் தொழிலாளி. மகன் பயிற்சிக்கும் போட்டிக்கும் வெளியூர் செல்வதற்குத் தொடக்க காலத்தில் ஊராரும் உறவினரும் பணம் திரட்டிக் கொடுத்ததை அவரே கூறியிருக்கிறார். நீரஜ் சோப்ரா கூட்டுக் குடும்பமாக வாழும் உழவர் வீட்டுப் பிள்ளை. உடல் எடையைக் குறைப்பதற்காகப் பானிப்பட் மைதானத்துக்கு அனுப்பப்பட்டு, அங்கே ஈட்டியைக் கையில் எடுத்தவர். ஆடவர் ஈட்டியின் எடை 800 கிராம். அதை 90 மீட்டருக்கு அனுப்புகின்ற ஒரு கணத்தில் தோளும் முழங்கையும் முதுகும் முழங்காலும் தாங்கும் சுமை, அதைத் தாங்கியவருக்கே தெரியும். இருவருமே முழங்கையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். ஆகவே ஒருவர் வலியை மற்றவர் விளக்கமின்றி அறிவார்.

2021 டோக்கியோவில் நீரஜ் 87.58 மீட்டர் எறிந்து தங்கம் வென்றபோது, அர்ஷத் ஐந்தாம் இடம் பெற்றார். முதல் எறிதலுக்கு முன் தமது ஈட்டியைத் தேடியதாகவும், அது அர்ஷத்தின் கையில் இருந்ததாகவும், கேட்டு வாங்கிக்கொண்டதாகவும் நீரஜ் பின்னர் ஒரு நேர்காணலில் இயல்பாகக் கூறினார். அவ்வளவுதான், சமூக ஊடகங்களில் அர்ஷத்தின் மேல் வசை பொழிந்தது. ஈட்டிகளை யார் வேண்டுமானாலும் எடுத்து எறியலாம் என்பதே போட்டியின் நடைமுறை. நீரஜ் உடனே ஒரு காணொலி வெளியிட்டார். வீரர்கள் அனைவரும் ஒற்றுமையாக இருக்கிறார்கள், தமது பெயரைத் தங்கள் வெறுப்புப் பிரச்சாரத்துக்குக் கருவியாக்க வேண்டாம் என்று வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 23.

2023 ஆகஸ்டில் புடாபெஸ்ட் உலகத் தடகளப் போட்டியில் நீரஜ் 88.17 மீட்டர், அர்ஷத் 87.82 மீட்டர், தங்கமும் வெள்ளியும். புகைப்படத்துக்கு நிற்கும்போது நீரஜ் அர்ஷத்தை அழைத்துத் தம் அருகே நிறுத்திக்கொண்டார். 2024 ஒலிம்பிக்குக்குச் சில மாதங்கள் இருக்கையில், பல ஆண்டுகளாகப் பயன்படுத்திய ஒரே ஈட்டி பழுதாகிவிட்டதென்றும் புதிய ஈட்டி கிடைக்கவில்லையென்றும் அர்ஷத் கூறிய செய்தி வந்தது. இத்தகைய வீரர் ஓர் ஈட்டிக்காகத் திண்டாட வேண்டியிருப்பதை நம்பவே முடியவில்லை என்று வருந்திப் பேசியவர், பாரிஸில் அவரிடம் தோற்கப்போகிற நீரஜ்தான். எதிராளிக்கு நல்ல ஈட்டி கிடைக்கவேண்டும் என்று விரும்புவதற்குப் பெயர்தான் விளையாட்டு நேசம்.

நேசம் என்ற சொல்லின் வரலாறு

தமிழ் இலக்கண மரபு விளையாட்டை எங்கே வைத்தது என்பதைப் பார்ப்பது பயன் தரும். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உவகை பிறக்கும் நான்கு களங்களுள் ஒன்றாக விளையாட்டைச் சொல்கிறது. பகைமைக்கு அங்கே வெகுளி என்ற தனி மெய்ப்பாடு உண்டு; வீரப் புகழுக்குப் பெருமிதம் உண்டு. விளையாட்டை இவ்விரண்டிலும் சேர்க்காமல் மகிழ்ச்சியின் பக்கம் வைத்த அந்த வகைப்பாட்டில் ஆழ்ந்த உண்மை இருக்கிறது.

ஐரோப்பாவில் இதே கருத்துக்கு வழங்கிய சொல் 'அமெச்சூர்'. நேசிப்பவர் என்று பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது அது. பணத்துக்காக அல்லாமல் விருப்பத்துக்காக விளையாடுபவர் என்பது அதன் விளக்கம். கேட்பதற்கு இனிமையான இந்தச் சொல்லை 19 ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்துக் கனவான்கள் ஒரு பூட்டாக மாற்றினார்கள். 1866 இல் இலண்டனில் தொடங்கப்பட்ட அமெச்சூர் தடகளக் கழகம், இயந்திரத் தொழிலாளர், கைவினைஞர், கூலியாள் ஆகியோர் அமெச்சூர் ஆகமாட்டார் என்று விதி வகுத்தது. கையால் உழைத்து உண்பவருக்கு விளையாட்டை நேசிக்கும் தகுதி இல்லை என்பதே அதன் பொருள்.

இந்தப் பூட்டின் கொடுமையை ஜிம் தோர்ப்பின் வாழ்க்கை காட்டுகிறது. அமெரிக்கப் பழங்குடி மரபைச் சேர்ந்த தோர்ப், 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லான், டெகத்லான் இரண்டிலும் தங்கம் வென்றார். முன்பு பேஸ்பால் ஆடிச் சிறு தொகை பெற்றார் என்பதற்காக 1913 இல் அவருடைய பதக்கங்கள் பறிக்கப்பட்டன. அவர் 1953 இல் மறைந்தார். 1982 இல் அரைகுறையாகவும், 2022 இல் முழுமையாகவும் அவருடைய வெற்றியைச் சர்வதேச ஒலிம்பிக் குழு மீண்டும் ஏற்றுக்கொண்டது. ஆனால் டெகத்லானில் அவருக்கு அடுத்து வந்த ஸ்வீடன் வீரர் ஹியூகோ வீஸ்லாண்டர், உண்மையான வெற்றியாளர் தோர்ப்தான் என்றே வாழ்நாள் முழுவதும் கருதிவந்தார். தமக்கு ஒதுக்கப்பட்ட தங்கத்தை அவர் உரிமையாக ஏற்கவில்லை. நேசத்தின் பெயரால் கனவான்கள் பறித்ததை, நேசத்தாலேயே எதிராளி ஏற்க மறுத்தார். விளையாட்டின் மீதான நேசம் யாரிடம் இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

பெர்லினும் பார்சிலோனாவும்

1936 ஆகஸ்டில் ஹிட்லரின் பெர்லினில் ஒலிம்பிக் நடந்தது. ஆரிய இனத்தின் மேன்மையை உலகுக்குக் காட்டும் கண்காட்சியாக அது திட்டமிடப்பட்டிருந்தது. நீளம் தாண்டுதலில் அமெரிக்காவின் கறுப்பின வீரர் ஜெஸ்ஸி ஓவன்ஸ் 8.06 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். ஜெர்மனியின் லுஸ் லாங் 7.87 மீட்டருடன் வெள்ளி பெற்றார். ஓவன்ஸை முதலில் வாழ்த்தியவர் லாங். ஹிட்லர் பார்த்திருக்க, இருவரும் தோளோடு தோள் சேர நடந்தனர். நாஜிகளின் இனக் கோட்பாட்டுக்கு அந்த மைதானத்திலேயே ஒரு ஜெர்மானியரின் கை மறுப்பு எழுதியது. அதே லாங் பின்னர் ஜெர்மன் படையில் சேர்க்கப்பட்டு, 1943 இல் சிசிலியில் போரில் காயமுற்று மாண்டார். வெறுப்பு அரசியல் தன் நாட்டு வீரருக்குக் கடைசியில் எதைக் கொடுக்கும் என்பதற்கு அவருடைய கல்லறை சாட்சி.

அதே ஆண்டு பெர்லினுக்கு மாற்றாக, ஸ்பெயினின் பார்சிலோனா நகரில் மக்கள் ஒலிம்பியாட் ஏற்பாடு செய்யப்பட்டது. 22 நாடுகளிலிருந்து ஏறத்தாழ 6,000 பேர் பங்கேற்கப் பதிவு செய்திருந்தனர். பலரைத் தொழிற்சங்கங்களும் தொழிலாளர் விளையாட்டுக் கழகங்களும் அனுப்பின. 1936 ஜூலை 19 இல் தொடக்க விழா. அதற்கு முந்தைய நாட்களில் பிராங்கோவின் படைத் தளபதிகள் கலகம் செய்தனர். விழா நடக்கவில்லை. வந்திருந்த வீரர்களுள் சிலர் நாடு திரும்பாமல், குடியரசைக் காக்கும் படையில் சேர்ந்தனர்.

இதற்கு முன்பே 1925 இல் பிராங்பர்ட்டிலும் 1931 இல் வியன்னாவிலும் தொழிலாளர் ஒலிம்பியாட்டுகள் நடந்திருந்தன. தேசியக் கொடிகளுக்குப் பதிலாகச் செங்கொடிகள் பறந்த போட்டிகள் அவை. முதல் உலகப் போரில் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொள்ள அனுப்பப்பட்ட நாடுகளின் தொழிலாளர், இனிப் போர் வேண்டாம் என்ற முழக்கத்தோடு பிராங்பர்ட்டில் ஓடினார்கள், நீந்தினார்கள். சர்வதேசப் போட்டியில் 'சர்வதேசம்' என்ற சொல்லுக்கு உயிர் கொடுத்தவர்கள் உழைக்கும் மக்கள் என்பதை வரலாறு பதிந்து வைத்திருக்கிறது.

லாகூரும் சேப்பாக்கமும்

இந்தியத் துணைக்கண்டத்துக்கும் இத்தகைய மரபு உண்டு. 1951 மார்ச்சில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி தில்லியில் நடந்தது. 11 நாடுகள் வந்தன. உலகப் போருக்குப் பின் 1948 இலண்டன் ஒலிம்பிக்குக்கு அழைக்கப்படாத ஜப்பானைத் தில்லி வரவேற்றது. விளையாட்டை விளையாட்டின் உணர்வோடு ஆடுக என்பது ஜவஹர்லால் நேரு அப்போட்டிக்கு அளித்த செய்தி. விடுதலை பெற்று நான்கு ஆண்டுகளே ஆன, பிரிவினையின் குருதி காயாத நாடு உலகுக்குச் சொன்ன சொல் அது.

பிரிவினையில் பெற்றோரை வெட்டுக்குப் பறிகொடுத்த சிறுவன் மில்கா சிங். அவர் பிறந்த ஊர் இன்றைய பாகிஸ்தானில் இருக்கிறது. 1960 இல் லாகூர் ஓட்டப் போட்டிக்கு அழைப்பு வந்தபோது, அந்த மண்ணில் கால் வைக்க அவர் முதலில் தயங்கினார். நேரு வற்புறுத்தியதால் சென்றார். அங்கே பாகிஸ்தானின் புகழ்பெற்ற ஓட்டக்காரர் அப்துல் காலிக்கை வென்றார். 'பறக்கும் சீக்கியர்' என்ற பட்டத்தை அவருக்குச் சூட்டியவர் பாகிஸ்தானின் அதிபர் அயூப் கான். ஒருவர் இழந்த ஊரும் உறவும் ஓட்டத்தால் திரும்பி வருவதில்லை. ஆனால் தம் பெற்றோரைக் கொன்றது வெறி, அந்த மண்ணின் மக்கள் அல்லர் என்பதைக் கண்கூடாக அறியும் வாய்ப்பு அவருக்கு லாகூர் மைதானத்தில் கிடைத்தது.

1999 ஜனவரியில், ஏறத்தாழ 12 ஆண்டுகளுக்குப் பின் பாகிஸ்தான் கிரிக்கெட் அணி டெஸ்ட் ஆட இந்தியா வந்தது. அதைத் தடுப்பதற்காகச் சிவசேனை அமைப்பினர் தில்லி பெரோஸ் ஷா கோட்லா மைதானத்தின் ஆடுகளத்தைத் தோண்டிச் சிதைத்தனர். ஆகவே முதல் டெஸ்ட் சென்னை சேப்பாக்கத்துக்கு மாற்றப்பட்டது. நான்காம் நாள் இந்தியாவுக்கு இலக்கு 271. முதுகுவலியோடு ஆடிய சச்சின் டெண்டுல்கர் 136 ஓட்டங்களில் ஆட்டமிழந்தபோது தேவைப்பட்டவை 17 ஓட்டங்களே. எஞ்சிய விக்கெட்டுகள் நான்கு ஓட்டங்களுக்குள் வீழ்ந்தன. பாகிஸ்தான் 12 ஓட்டங்களில் வென்றது.

சில நிமிடங்கள் அரங்கம் உறைந்து கிடந்தது. பின்னர் மக்கள் எழுந்து நின்றனர். கைதட்டல் தொடங்கியது. அது ஓயாததைக் கண்ட வாசிம் அக்ரமின் அணியினர் மைதானத்தைச் சுற்றி வலம் வந்து அந்த மரியாதையை ஏற்றனர். வெயிலில் நாள் முழுதும் உட்கார்ந்திருந்து, வெற்றியை நூலிழையில் இழந்த மக்கள் அவர்கள். தோல்வியின் வலியும் நல்ல ஆட்டத்தின் மகிழ்ச்சியும் ஒரே நெஞ்சில் இடம்பெற முடியும் என்று அந்தக் கைதட்டல் சொன்னது. ஆடுகளத்தைத் தோண்டியவர்களுக்கு அந்த மாலையில் கிடைத்த பதிலைவிடத் தெளிவான பதிலை எந்த மேடையும் தந்ததில்லை.

மறுக்கப்பட்ட கை

இன்றைய நிலை என்ன? 2025 ஏப்ரலில், பெங்களூருவில் தம் பெயரால் நடக்கவிருந்த ஈட்டி எறிதல் போட்டிக்கு உலகின் முன்னணி வீரர்களை நீரஜ் சோப்ரா அழைத்தார். அவர்களுள் அர்ஷத்தும் ஒருவர். வேறு போட்டிக்கான பயிற்சியைக் காரணம் காட்டி அர்ஷத் வர இயலாது என்றார். இதற்கிடையே ஏப்ரல் 22 இல் பகல்காமில் பயங்கரவாதிகள் 26 பேரைக் கொன்றனர். அந்தக் கொடுஞ்செயலை மனசாட்சி உள்ள எவரும் மன்னிக்க முடியாது. ஆனால் நாட்டின் துயரத்தைத் தன் முதலீடாக்கிக்கொள்ளும் கூட்டம் உடனே நீரஜின் மேல் பாய்ந்தது. அழைப்பு தாக்குதலுக்கு முன்பே அனுப்பப்பட்டது, ஒரு வீரர் மற்றொரு வீரருக்கு விடுத்த அழைப்பைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை என்று அவர் அறிக்கை விட வேண்டியதாயிற்று. ஓராண்டுக்கு முன் தம் தாயின் எளிய சொற்களைப் பாராட்டியவர்களே இப்போது அதே சொற்களுக்காக அவரைத் தூற்றுவதையும் அந்த அறிக்கை வேதனையோடு குறிப்பிட்டது.

மே மாதம் இரு நாடுகளுக்கும் இடையே போர் மூண்டு நின்றது. அதன்பின் தோஹாவில் கேட்கப்பட்டபோது, தாமும் அர்ஷத்தும் எப்போதுமே நெருங்கிய நண்பர்களாக இருந்ததில்லை என்றும், எல்லைப் பதற்றத்துக்குப் பின் பழையபடி இருக்க இயலாது என்றும், தம்மிடம் மரியாதையோடு பேசுபவரிடம் தாமும் மரியாதையோடு பேசுவதாகவும் நீரஜ் சொன்னார். 2021 இல் வெறுப்புக்கு எதிராகத் துணிந்து நின்ற அதே வீரர், 2025 இல் சொற்களை எண்ணி எண்ணிப் பேச வேண்டியிருந்தது. இந்த மாற்றத்துக்கு அவரைக் குறை கூறுவது நேர்மையாகாது. பெற்ற தாய் வரை நீண்ட வசையை ஒரு தனிமனிதர் எவ்வளவு காலம் தாங்க முடியும்? கேள்வி அவரைச் சூழ்ந்து நின்ற அரசியலைப் பற்றியது.

2025 செப்டம்பர் 14 இல் துபாயில் ஆசியக் கோப்பை கிரிக்கெட். ஆட்டம் முடிந்ததும் இந்திய அணியினர் பாகிஸ்தான் அணியினரோடு கைகுலுக்காமல் வெளியேறினர். அரசோடும் கிரிக்கெட் வாரியத்தோடும் ஒத்த முடிவு அது என்று அணித்தலைவர் விளக்கினார். வாழ்க்கையில் சில விஷயங்கள் விளையாட்டு உணர்வுக்கும் மேலானவை என்றார். அடுத்த ஆட்டத்தில் பாகிஸ்தான் வீரர் சிலர் துப்பாக்கி சுடுவதுபோலவும் விமானம் விழுவதுபோலவும் சைகை காட்டினர். வெறிக்கு வெறியே விடை என்று அந்தப் பக்கத்திலும் நினைத்தார்கள். செப்டம்பர் 28 இறுதி ஆட்டத்தில் இந்தியா வென்றது. ஆசிய கிரிக்கெட் அமைப்பின் தலைவரும் பாகிஸ்தானின் உள்துறை அமைச்சருமானவரின் கையிலிருந்து கோப்பையைப் பெற அணி மறுத்தது. நாட்டின் பிரதமர் அந்த வெற்றியை மே மாத இராணுவ நடவடிக்கையோடு ஒப்பிட்டு எழுதினார். பேட்டைத் துப்பாக்கியாகவும் ஓட்டத்தைப் பிணக்கணக்காகவும் பார்க்க மக்களைப் பழக்குவதற்கு இதைவிடக் குறுக்குவழி இல்லை.

தோழர்களே, இதில் பணத்தின் பங்கைக் கூர்ந்து நோக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசு ஒரு கொள்கை அறிவித்தது. பாகிஸ்தானோடு இருதரப்புப் போட்டி கிடையாது. பல நாடுகள் பங்கேற்கும் போட்டியில் ஆடலாம். 2013 க்குப் பின் இரு நாடுகளும் இருதரப்புக் கிரிக்கெட் தொடர் ஆடவில்லை. ஆயினும் பன்னாட்டுப் போட்டிகளில் இரு அணிகளும் மீண்டும் மீண்டும் ஒரே பிரிவில் வைக்கப்படுகின்றன. ஒரே ஆசியக் கோப்பையில் மூன்று முறை மோதின. இந்த ஆட்டம் இல்லாவிட்டால் ஒளிபரப்பு உரிமையின் விலை சரியும் என்பது வாரியங்களுக்கும் நிறுவனங்களுக்கும் நன்கு தெரியும். ஆகவே ஆட்டம் வேண்டும், விளம்பரம் வேண்டும், வருவாய் வேண்டும். கைகுலுக்கல் மட்டும் வேண்டாம். பகையை வெறுத்து அவர்கள் கையை மடக்கிக்கொள்ளவில்லை. பகைதான் அந்தச் சந்தையில் விலைபோகும் சரக்கு. கொல்லப்பட்ட 26 பேரின் குடும்பங்களுக்கு இந்த வணிகத்தில் கிடைக்கும் ஆறுதல் என்ன?

துபாயின் முதல் ஆட்டம் முடிந்து நான்கு நாட்களுக்குப் பின், செப்டம்பர் 18 இல், டோக்கியோ உலகத் தடகள இறுதியில் நீரஜும் அர்ஷத்தும் மீண்டும் ஒரே களத்தில் இறங்கினர். நீரஜ் எட்டாம் இடம், அர்ஷத் பத்தாம் இடம். தங்கம் டிரினிடாட் வீரர் கெஷார்ன் வால்காட்டுக்குப் போயிற்று. உத்தரப்பிரதேசத்தின் சச்சின் யாதவ் 86.27 மீட்டர் எறிந்து நான்காம் இடம் பெற்றார். இந்தியா பாகிஸ்தான் மோதல் என்று முழங்கிய தொலைக்காட்சிகளுக்கு அந்த இரவில் பேச எதுவும் இல்லாமற்போயிற்று. விளையாட்டை நேசித்தவருக்கோ, நாட்டுக்கு ஒரு புதிய ஈட்டி வீரர் உருவாகியிருக்கும் நற்செய்தி கிடைத்தது.

தென்னாப்பிரிக்காவை மறுத்தது எதற்காக?

இங்கே ஒரு வாதம் முன்வைக்கப்படும். இந்தியாவே 1974 இல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதியில் தென்னாப்பிரிக்காவோடு ஆட மறுத்ததே. இடதுசாரிகள் அதைப் பாராட்டினார்களே. அன்று சரி, இன்று தவறா என்று கேட்பார்கள். நேர்மையான கேள்விக்கு நேரான விடை தர வேண்டும்.

அன்றைய தென்னாப்பிரிக்காவில் நிறத்தின் பெயரால் மக்கள் களத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தனர். கறுப்பின வீரர் வெள்ளையரோடு ஓர் அணியில் ஆட முடியாது. இங்கிலாந்து அணியில் பாசில் டி'ஒலிவேரா என்ற கலப்பின வீரர் இடம்பெற்றதற்காகவே 1968 இல் அந்நாடு ஒரு கிரிக்கெட் தொடரையே ஏற்க மறுத்தது. விளையாட்டின் வாசலையே அடைத்த அமைப்பு அது. அதை உலகம் புறக்கணிக்க வேண்டும் என்று கேட்டவர்கள் அந்நாட்டின் ஒடுக்கப்பட்ட மக்களும் அவர்களின் விடுதலை இயக்கமும். விஜய், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் இருந்த இந்திய அணி, கைக்கெட்டிய கோப்பையை விட்டுக்கொடுத்தது. ஆடாமலே தென்னாப்பிரிக்கா கோப்பையைப் பெற்றது. அந்தப் புறக்கணிப்பில் இழப்பு இந்தியாவுடையது. வருவாய் யாருக்கும் இல்லை. நிறவெறி ஆட்சி தளர்ந்ததும், 1991 நவம்பரில் கொல்கத்தா ஈடன் தோட்டத்தில் தென்னாப்பிரிக்க அணியை வரவேற்று, அதன் சர்வதேச மறுவருகைக்குக் களம் அமைத்ததும் இந்தியாதான்.

இரண்டையும் ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். ஒடுக்கப்பட்டவருக்காகத் தன் பயனைத் துறந்து, ஆட்டத்தையே துறந்தது 1974. ஆட்டத்தின் பயன் முழுவதையும் பெற்றுக்கொண்டு, எதிரே நின்ற இளைஞர்களின் கையை மட்டும் தட்டிவிட்டது 2025. அந்த இளைஞர்கள் எந்தச் சட்டத்தாலும் எவரையும் களத்திலிருந்து விலக்கியவர்கள் அல்லர். ஒரு கோட்பாட்டின்படி ஆட மறுப்பதும் உண்டு. நாடகத்துக்காகக் கைகுலுக்க மறுப்பதும் உண்டு. முன்னது விளையாட்டை நேசிப்பவர் செய்யும் துறவு. பின்னது விளையாட்டை மேடையாக்குபவர் செய்யும் வேடம்.

நேசம் வேர்விட நிலம் வேண்டும்

2036 ஒலிம்பிக்கை நடத்த இந்தியா விண்ணப்பித்திருக்கிறது. 2019 பிப்ரவரியில் தில்லியில் நடந்த உலகக் கோப்பைத் துப்பாக்கிச் சுடும் போட்டிக்குப் பாகிஸ்தான் வீரர்களுக்கு விசா மறுக்கப்பட்டபோது, எதிர்காலப் போட்டிகளை இந்தியாவில் நடத்துவது பற்றிய பேச்சுகளைச் சர்வதேச ஒலிம்பிக் குழு நிறுத்திவைத்தது. தகுதி பெற்ற அனைவரையும் அனுமதிப்போம் என்று எழுத்து மூலம் உறுதி கொடுத்த பிறகே, அதே ஆண்டு ஜூனில் அந்தத் தடை நீங்கியது. உலகத்தை வீட்டுக்கு அழைப்பவர் அண்டை வீட்டாரின் முகத்தைப் பார்க்கவும் பழகியிருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய கேள்வி, நாட்டின் வீரர்களுக்கே இங்கு என்ன மரியாதை என்பது. 2023 இல் ஒலிம்பிக், உலகப் பதக்கங்கள் வென்ற மல்யுத்த வீராங்கனையர், தங்கள் கூட்டமைப்பின் அன்றைய தலைவர் மீது பாலியல் துன்புறுத்தல் புகார் கூறித் தில்லி ஜந்தர் மந்தரில் வாரக்கணக்கில் அமர்ந்தனர். மே 28 இல் காவலர்கள் அவர்களைத் தெருவில் இழுத்துச் சென்றனர். மே 30 இல் தங்கள் பதக்கங்களைக் கங்கையில் விட அவர்கள் ஹரித்வாருக்குச் சென்றனர். உழவர் தலைவர்கள் தலையிட்டுத் தடுத்தனர். சாக்ஷி மலிக் அந்த ஆண்டு இறுதியில் காலணிகளை மேசைமேல் வைத்துவிட்டு விடைபெற்றார். கொடியைப் போர்த்திக்கொண்டு வெற்றியைக் கொண்டாடுபவர்கள், அந்தக் கொடியை உலக அரங்கில் உயர்த்திய பெண்களுக்கு அன்று எங்கே துணை நின்றார்கள்? துணை நின்றோர் உழவர்களும் தொழிலாளர்களும் மாதர் அமைப்பினரும் மாணவர்களும்தான்.

நேசம் உபதேசத்தால் வளராது. அதற்கு நிலம் வேண்டும். பள்ளிக்கு ஒரு மைதானமும் முழுநேர உடற்கல்வி ஆசிரியரும் வேண்டும். ஊருக்கு ஒரு பொதுத் திடல் வேண்டும். அந்தத் திடலில் சாதியும் பாலினமும் பார்த்து எவரையும் விலக்காத சூழல் வேண்டும். கட்டணம் செலுத்தியவர் மட்டும் நுழையும் தனியார் பயிற்சிக் கூடங்களாக விளையாட்டு சுருங்குவதைத் தடுத்து, அது மக்களின் உரிமையாக வேண்டும். விளையாட்டு அமைப்புகளின் நாற்காலிகளிலிருந்து அரசியல் முதலாளிகளை இறக்கி, விளையாடியவர்களை அமர்த்த வேண்டும். கட்டடத் தொழிலாளியின் மகன் ஊராரின் நன்கொடையில் ஈட்டி எறிய நேர்வது மியான் சன்னுவின் அவலம் மட்டும் அன்று. எல்லையின் இந்தப் பக்கத்திலும் எத்தனையோ கிராமங்களின் கதை அது.

எல்லைக்கு இருபுறமும் வாழ்பவர்கள் ஒரே வெயிலில் உழுபவர்கள், ஒரே கூலிக்குக் கல் சுமப்பவர்கள். அவர்களின் பிள்ளைகள் களத்தில் சந்திக்கும்போது, ஒருவர் கையின் காய்ப்பை மற்றவர் கை உணர்ந்துகொள்ளும். அந்தக் கைகள் ஒன்றையொன்று பற்றுவதைக் கண்டு அஞ்சுகிறவர்கள், பகையால் பிழைப்பவர்கள். ஆகவே வரும் ஆண்டுகளில் எந்த மைதானத்திலும், எந்தத் தொலைக்காட்சிக்கு முன்னும், தெருமுனையின் எந்த உரையாடலிலும் இளைஞர் தோழர்கள் துணிந்து சொல்ல வேண்டும்: நல்ல ஆட்டத்துக்கு எழுந்து நின்று கைதட்டுவது தேசத் துரோகம் ஆகாது. 1999 இல் சேப்பாக்கத்தின் மக்கள் அதைச் செய்தார்கள். காந்த்ராவிலும் மியான் சன்னுவிலும் இரண்டு தாய்மார் அதைச் சொன்னார்கள். மீண்டும் அச்சமின்றி அதைச் சொல்லும் நிலையை உருவாக்குவது விளையாட்டை நேசிப்பவர் அனைவரின் கடமை.